எழுபத்திரண்டு நாள் குழந்தை

பச்சைக் குழந்தையின் மலம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்ப்பது, நம் வீடுகளில் பாட்டியின் டிபார்ட்மென்ட். துணியைப் பிரித்துப் பார்ப்பார். மஞ்சளாக இருந்தால் திருப்தியாகத் தலையாட்டுவார். பச்சையாக இருந்தால் ‘பிள்ளைக்குக் குளிர்ச்சி பிடிச்சிருக்கு’ என்று சொல்லிவிட்டு, நேராகப் போய் அம்மாவின் சாப்பாட்டில் கைவைப்பார்!

இதில் வரலாறு எங்கே வந்தது என்கிறீர்களா? வந்தது. 1955-ம் ஆண்டு, ஜப்பானில் செண்டாய் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு குழந்தை மஞ்சளாக மலம் கழித்தது. அதைப் பார்த்து அங்கே இருந்த சர்ஜன்கள் திகைத்துப் போனார்கள். காரணம், அன்றைய மருத்துவப் புத்தகங்களின்படி அந்தக் குழந்தைக்கு அந்த நிறத்தில் மலம் வர வாய்ப்பே கிடையாது!

ஏன் கிடையாது என்பது புரிய, முதலில் கொஞ்சம் வயிற்றுக்குள் போய் வந்துவிடலாம்.

நம் கல்லீரல் ராப்பகலாகப் பித்தநீர் தயாரிக்கிறது. பச்சையும் மஞ்சளும் கலந்த, கசப்பான நீர். சாப்பாட்டில் இருக்கும் கொழுப்பைக் கரைக்க இது வேண்டும். ஆயுள் முடிந்த ரத்தச் சிவப்பணுக்கள் உடையும்போது மிஞ்சுகிற ‘பிலிருபின்’ என்ற மஞ்சள் கழிவும் இதோடு சேர்ந்துதான் வெளியே போக வேண்டும். கல்லீரலுக்குள் மயிரிழை மாதிரி ஏராளமான குழாய்கள் இந்த நீரைச் சேகரிக்கின்றன. ஓடைகள் சேர்ந்து ஆறாவது போல அவை ஒன்றுசேர்ந்து, கல்லீரலின் அடிப்பக்கத்தில் ஒரு வாசல் வழியாக வெளியே வந்து, பித்தப்பையைத் தொட்டுக்கொண்டு, சிறுகுடலில் போய் முடிகின்றன. மலத்துக்கு மஞ்சளும் பழுப்பும் வருவதே இந்தப் பித்தநீரின் உபயத்தால்தான்.

சில குழந்தைகளுக்கு மட்டும் இந்த ஆறு வற்றிவிடுகிறது. தண்ணீர் இல்லாமல் அல்ல, ஆற்றுப்பாதையே மூடிக்கொள்வதால்! கல்லீரலுக்கு வெளியே இருக்கும் பித்தக் குழாய் வீங்கி, நார்நாராகி, துவாரமே இல்லாத ஒரு தழும்புக் கயிறாகச் சுருங்கிவிடுகிறது. ‘பிலியரி அட்ரீசியா’ என்று இதற்குப் பெயர். மேற்கத்திய நாடுகளில் சுமார் 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. ஜப்பானில் சுமார் 10,000-க்கு ஒன்று. தைவானில் இன்னும் அதிகம், ஐந்தாறாயிரத்துக்கு ஒன்று.

ஏன் வருகிறது? வைரஸ் என்கிறார்கள், குழந்தையின் எதிர்ப்புச் சக்தியே தன் குழாயைத் தாக்குகிறது என்கிறார்கள், கருவிலேயே வளர்ச்சிக் கோளாறு என்கிறார்கள். ஒற்றைப் பதில் இன்றுவரை இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்லலாம். கர்ப்பமாக இருந்தபோது அம்மா எதையோ சாப்பிட்டதாலோ, பத்தியம் இருக்காததாலோ வருவது அல்ல. பொதுவாகப் பரம்பரையாக வருவதும் அல்ல. இப்படி ஒரு குழந்தை பிறந்த வீட்டில் மருமகளை நோக்கி விரல் நீட்டுகிற மாமியார்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கவும்.

இந்த நோயின் பெரிய வில்லத்தனம், ஆரம்பத்தில் அது காட்டும் சாது முகம். குழந்தை நல்ல எடையோடு பிறக்கிறது. பால் குடிக்கிறது. சிரிக்கக்கூடச் செய்கிறது. கண்ணில் மட்டும் கொஞ்சம் மஞ்சள். பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்தில் மஞ்சள் தட்டுவது சகஜம் என்பதால் யாரும் பதறுவதில்லை. ஆனால் சாதாரண மஞ்சள் இரண்டு வாரத்தில் போய்விடும். இது போகாது. பித்தநீர் குடலுக்கு வராததால் மலம் சுண்ணாம்பு கலந்த களிமண் மாதிரி வெளுத்துப் போகும். வெளியேற வழியில்லாத பிலிருபின் சிறுநீரில் இறங்கி, அது கட்டியான டீ டிகாக்ஷன் நிறத்துக்கு மாறும். உள்ளே தேங்கிய பித்தநீர் கல்லீரலை அரிக்கும். குடிப்பழக்கத்தால் ஐம்பது வயதில் ஒருவருக்கு வரும் ‘சிரோசிஸ்’, பால்குடி மறக்காத குழந்தைக்கு வந்துவிடும். வயிறு உப்பும், ரத்த வாந்தி வரும். எதுவும் செய்யாமல் விட்டால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டாவது பிறந்தநாளே கிடையாது.

*

இது புதிய நோய் அல்ல. 1817-லேயே ஸ்காட்லாந்தின் ஜான் பர்ன்ஸ் என்ற டாக்டர் பிரசவ மருத்துவம் பற்றிய தன் புத்தகத்தில் இப்படி ஒரு கோளாறைக் குறிப்பிட்டிருக்கிறார். 1890-களின் தொடக்கத்தில் எடின்பர்க்கைச் சேர்ந்த ஜான் தாம்சன், அதுவரை பதிவான கேஸ்களையெல்லாம் தேடிப் பிடித்து, சுமார் ஐம்பது குழந்தைகளின் கதையை ஒன்றாகத் தொகுத்தார். ஐம்பதுக்கும் முடிவு ஒன்றுதான் என்பதை ஊகித்திருப்பீர்கள்.

1916-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த ஹோம்ஸ் என்ற டாக்டர் நூற்றுக்கும் மேற்பட்ட கேஸ்களை அலசினார். இறந்த குழந்தைகளின் உடற்கூறு விவரங்களைப் பார்த்தபோது அவருக்கு ஒன்று தோன்றியது. சில குழந்தைகளுக்குக் குழாய் முழுக்க மூடவில்லை. கல்லீரலை ஒட்டி ஒரு சின்னத் துண்டு, உள்ளே பித்தநீரோடு, மிச்சம் இருந்தது. அதைக் குடலோடு தைத்துவிட்டால்? நூற்றுக்கு 16 குழந்தைகளை இப்படிக் காப்பாற்ற வாய்ப்பிருக்கிறது என்று கணக்குப் போட்டார் ஹோம்ஸ். அவற்றை ‘சரிசெய்யக் கூடியவை’ என்றும், மிச்சமிருக்கும் 84-ஐ ‘சரிசெய்ய முடியாதவை’ என்றும் பிரித்தார்.

1928-ல் பாஸ்டனைச் சேர்ந்த வில்லியம் லாட், முதல் ரகக் குழந்தைகளில் சிலருக்கு ஆபரேஷன் செய்து வெற்றியும் கண்டார். மருத்துவ உலகத்தில் உற்சாகம். எல்லா ஊர் சர்ஜன்களும் மஞ்சள் குழந்தைகளின் வயிற்றைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

திறந்து பார்த்தால்... பெரும்பாலும் தைப்பதற்கு எதுவுமே இல்லை. ஹோம்ஸ் சொன்ன 16 சதவிகிதமே பேராசை என்று ஆனது. கல்லீரலின் வாசலில் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை நார்க்கட்டி. வந்த வழியே வயிற்றை மூடித் தைத்துவிட்டு, வெளியே நிற்கும் அப்பாவிடம் உதட்டைப் பிதுக்குவதைத் தவிர வேறு வழியில்லை. விடாக்கண்டர்கள் சிலர் என்னென்னவோ முயற்சி செய்தார்கள். 1948-ல் லாங்மயர் என்ற அமெரிக்க சர்ஜன், கல்லீரலின் ஓரத்தையே கொஞ்சம் சீவியெடுத்து, வெட்டுப்பட்ட இடத்தில் தெரிந்த பித்தக் குழாயைக் குடலோடு இணைக்கும் முறையைக் கொண்டுவந்தார். கல்லீரலுக்குள் செயற்கைக் குழாய் செருகிப் பார்த்தவர்கள் உண்டு. இந்த நோய்க்கு எதுவும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை.

‘சரிசெய்ய முடியாதவை’ என்று ஹோம்ஸ் வைத்த பெயர், மெள்ள மெள்ள ஒரு தீர்ப்பாகவே மாறிப்போனது. அந்தத் தீர்ப்பின் மீதுதான் செண்டாயில் ஒரு குழந்தை மஞ்சளாக மலம் கழித்தது!

*

செண்டாய், ஜப்பானின் வடகிழக்கில் இருக்கிறது. 1945 ஜூலையில் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசி எரித்த ஊர்களில் அதுவும் ஒன்று. அந்த ஊரின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் 1947-ல் டாக்டர் பட்டம் வாங்கி, அங்கேயே சர்ஜனாகச் சேர்ந்தவர் மோரியோ கசாய். 1922-ல் இன்னும் வடக்கே, பனி கொட்டும் அவோமோரியில் பிறந்தவர். பனிச்சறுக்கு, மலையேற்றம் இரண்டிலும் வெறியர். வேலையிலும் அப்படித்தான்.

1955-ல் அவரிடம் 72 நாள் குழந்தை ஒன்று வந்தது. முற்றிய மஞ்சள், வெளுத்த மலம். வயிற்றைத் திறந்தார் கசாய். வழக்கம்போலத்தான்... குழாய் இல்லை, நார்க்கட்டிதான். மற்ற சர்ஜன்கள் இந்த இடத்தில் மூடித் தைத்திருப்பார்கள். கசாய், கல்லீரல் வாசலில் அந்த நார் இருந்த இடத்தை வெட்டிப் பார்த்தார், உள்ளே எங்காவது ஒரு குழாயின் வாய் தட்டுப்படாதா என்று.

குழாய் தட்டுப்படவில்லை. ரத்தம்தான் பொங்கிக்கொண்டு வந்தது.

அதற்கு அப்புறம் நடந்ததைப் பிற்காலத்தில் ஜப்பானிய டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ரத்தத்தை நிறுத்த வேண்டும். பக்கத்தில் இருந்த சிறுகுடலின் முதல் பகுதியை இழுத்து, ரத்தம் வரும் இடத்தின் மேல் ஒரு மூடி மாதிரி பொருத்தினார் கசாய். பித்தநீர் வரும் என்ற எதிர்பார்ப்பெல்லாம் அப்போது அவருக்கு இல்லை. வயிற்றை மூடினார்கள்.

சில நாட்களில், வெளுத்துக் கிடந்த குழந்தையின் மலத்தில் மஞ்சள் தெரிந்தது. உடம்பின் மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பித்தது. எந்தக் குழாயும் தைக்கவில்லை. பின் எப்படிப் பித்தநீர் குடலுக்கு வந்தது? மறுபடி ஒரு ஆபரேஷன் செய்து பார்த்துவிடலாம் என்றார்கள். அதற்குள் குழந்தை இறந்துவிட்டது.

உடற்கூறு பரிசோதனையில் விஷயம் வெளிப்பட்டது. கல்லீரல் வாசலுக்கும், ரத்தத்தை நிறுத்த வைத்த குடலுக்கும் நடுவே இயற்கையே ஒரு பாதை போட்டிருந்தது. பித்தநீர் அதன் வழியாகக் கசிந்து குடலுக்குள் போயிருந்தது!

மருத்துவத்தில் தற்செயல்கள் நிறைய. ஆனால் தற்செயலைக் கவனிக்கிற கண் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கசாயும் அவர் கூட்டாளிகளும் அந்த நார்க்கட்டியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். வெறும் தழும்பு என்று உலகமே ஒதுக்கிய அதற்குள், குட்டிக் குட்டிக் குழாய்கள் இருந்தன. அவற்றில் சில, கல்லீரலுக்குள் இருக்கும் பித்தக் குழாய்களோடு தொடர்பில் இருந்தன. கண்ணுக்குத் தெரிகிற குழாயைத்தான் சர்ஜன்கள் நாற்பது வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். பித்தநீர் வந்தது கண்ணுக்குத் தெரியாத குழாய்களிலிருந்து.

அப்படியானால் குழாயைத் தேடவே வேண்டாம்! நார்க்கட்டியைக் கல்லீரல் வாசலோடு சரியான ஆழத்தில் சீவி எடுத்துவிட வேண்டும். ரொம்ப மேலோட்டமாகச் சீவினால் குழாய்கள் திறக்காது. ரொம்ப ஆழமாகப் போனால் அந்த இடமே தழும்பாகி மூடிக்கொள்ளும். சீவிய பரப்பு முழுவதையும் சுற்றி, ஒரு குடல் துண்டின் திறந்த வாயைக் கிண்ணம் கவிழ்த்தது போல வைத்துத் தைத்துவிட வேண்டும். கசிகிற பித்தநீரைக் குடல் ஏந்திக்கொள்ளும். அவ்வளவுதான் தத்துவம். பின்னால் இதற்கு, ஸ்விட்சர்லாந்தின் சேஸர் ரூ என்ற சர்ஜன் பல வருடங்களுக்கு முன் வயிற்று ஆபரேஷனுக்காகக் கண்டுபிடித்த, ஆங்கில ‘ஒய்’ எழுத்து வடிவக் குடல் இணைப்பைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். சாப்பாடு ஒரு கிளையில், பித்தநீர் இன்னொரு கிளையில். குடலில் இருக்கும் கிருமி கல்லீரலுக்கு ஏறி வருவதைக் கொஞ்சம் தடுக்க இந்த ஏற்பாடு.

1959-ல் கசாயும் அவருடைய சகா சுஸுகியும் இந்தப் புதிய ஆபரேஷனைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். ‘சரிசெய்ய முடியாத’ ரகத்துக்கு ஒரு புதிய ஆபரேஷன் என்று தலைப்பிலேயே அறிவித்தார்கள்.

உலகம் துள்ளிக் குதித்திருக்க வேண்டுமே? குதிக்கவில்லை. கட்டுரை வந்தது ஜப்பானிய மொழியில், ஒரு ஜப்பானிய சர்ஜரி பத்திரிகையில்!

*

ஆங்கிலம் பேசும் உலகத்தின் மருத்துவப் பத்திரிகையில் கசாயின் விரிவான கட்டுரை வெளிவந்தது 1968-ல். முதல் ஆபரேஷனிலிருந்து எண்ணினால் 13 வருடம்.

இனிமேல்தான் இந்தக் கதையின் மிகக் கசப்பான கட்டம். அதே 1968-ம் வருடம் அமெரிக்காவில் இன்னொரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் தேலர், கெல்லிஸ் என்ற இரண்டு மதிப்புமிக்க குழந்தை மருத்துவர்கள். அவர்களுடைய வாதம் இது: பச்சைக் குழந்தைகளுக்குக் கல்லீரல் அழற்சியாலும் இதே மாதிரி மஞ்சள் வரும். அதில் நிறையக் குழந்தைகள் ஆபரேஷன் இல்லாமலே தேறிவிடுகின்றன. எது அழற்சி, எது அடைப்பு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அவசரப்பட்டு வயிற்றைத் திறந்தால் அழற்சிக் குழந்தைகளின் நிலைமை மோசமாகிறது. அடைப்புக் குழந்தைகளுக்கோ எப்படியும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. அதனால் நான்கு மாதம் வரை காத்திருந்து பாருங்கள்!

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கையில் இருந்த கணக்கை வைத்துப் பார்த்தால் அது நியாயமான அறிவுரைதான். ஆனால் கசாய் கண்டுபிடித்த அந்தக் குட்டிக் குழாய்களுக்கு ஒரு கெடு இருந்தது. குழந்தை வளர வளர அவையும் ஒவ்வொன்றாக நார்க்கட்டிக்குள் புதைந்து மூடிக்கொண்டே வருகின்றன. இரண்டு மாதத்தில் இருப்பது, நான்காவது மாதத்தில் அநேகமாக இருக்காது. கூடவே கல்லீரலும் கெட்டிப்பட்டுவிடும்.

அதாவது, ஒரு பக்கம் ‘சீக்கிரம் வாருங்கள்’ என்று ஜப்பானிலிருந்து ஒரு குரல். இன்னொரு பக்கம் ‘காத்திருங்கள்’ என்று அமெரிக்காவிலிருந்து ஒரு குரல். எந்தக் குரல் அதிகம் கேட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான்கு மாதம் காத்திருந்து, பிறகு வயிற்றைத் திறந்து, ‘பார்த்தீர்களா, இதைச் சரிசெய்ய முடியாது’ என்று மூடிய கேஸ்களில், காத்திருந்ததாலேயே சரிசெய்ய முடியாமல் போனவை எத்தனையோ!

கசாயின் முடிவுகளை நம்பாதவர்களும் இருந்தார்கள். பிழைத்த குழந்தைகளுக்கு உண்மையில் இந்த நோயே இருந்திருக்காது என்று சந்தேகப்பட்டார்கள். 1970-களில் அமெரிக்க சர்ஜன்கள் சிலர் தாங்களே செய்து பார்த்த பிறகுதான் காற்று திசை மாறியது. சியாட்டிலில் அலெக்சாண்டர் பில், வாஷிங்டனில் ஜான் லில்லி, பீட்டர் ஆல்ட்மன் போன்றவர்கள் இதில் முன்னோடிகள். 1975-ல் லில்லியும் ஆல்ட்மனும் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘கசாய் ஆபரேஷன்’ என்ற பெயர் ஏறிவிட்டது. இன்றைக்கு உலகம் முழுக்க அதுதான் பெயர். ‘இந்தக் குழந்தைக்குக் கசாய் செய்தாச்சா?’ என்று டாக்டர்கள் சர்வசாதாரணமாகக் கேட்டுக்கொள்கிறார்கள்.

*

அதற்காகக் கசாய் ஆபரேஷன் ஒரு மந்திரக்கோல் என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல மையங்களில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு மஞ்சள் முழுதாக இறங்குகிறது. மற்றவர்களுக்கு இறங்குவதில்லை, அல்லது இறங்கித் திரும்ப ஏறுகிறது. குடல் கிருமி மேலே ஏறிக் காய்ச்சலும் மஞ்சளும் அடிக்கடி வரும். மஞ்சள் போன பிறகும் பலருக்குக் கல்லீரல் மெள்ள மெள்ளக் கெட்டிப்பட்டுக்கொண்டே போகிறது. சொந்தக் கல்லீரலோடு இருபது வயதைத் தாண்டுகிறவர்கள் சிறுபான்மைதான். ஆனாலும் அந்தச் சிறுபான்மையில் கல்யாணம் ஆகிக் குழந்தை பெற்றவர்கள் இருக்கிறார்கள் என்பதை, இரண்டாவது பிறந்தநாளே இல்லாத காலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, மற்றவர்கள்? அங்கேதான் கதையில் இரண்டாவது ஹீரோ நுழைகிறது. கல்லீரல் மாற்று ஆபரேஷன்.

1963 மார்ச் 1. அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்சல் என்ற சர்ஜன், மனிதருக்கு மாற்றுக் கல்லீரல் பொருத்தும் முதல் முயற்சியைச் செய்தார். நோயாளி மூன்று வயதுப் பையன். நோய், நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே பிலியரி அட்ரீசியா. ரத்தப்போக்கு நிற்காமல் ஆபரேஷன் மேஜையிலேயே பையன் இறந்துபோனான். ஸ்டார்சல் விடவில்லை. 1967-ல், கல்லீரல் புற்றுநோய் வந்த ஒரு சிறுமி அவருடைய ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தாள். உடல் மாற்று உறுப்பை நிராகரிக்காமல் காக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து 1980-களில் வந்த பிறகு, மாற்று ஆபரேஷன் சோதனைக் கட்டத்தைத் தாண்டி சிகிச்சையாக மாறியது.

‘அப்படியானால் கசாய் எதற்கு? நேரடியாகக் கல்லீரலையே மாற்றிவிடலாமே!’ என்று சிலர் கேட்டார்கள். இரண்டு மாதக் குழந்தைக்குப் பொருந்தும் கல்லீரலுக்கு எங்கே போவது? கசாய் வெற்றி பெற்றால் சொந்தக் கல்லீரலே பல வருடம் ஓடும். பாதி வெற்றி என்றால்கூடக் குழந்தை வளர அவகாசம் கிடைக்கும். கடைசியில் இரண்டும் போட்டியாளர்கள் அல்ல, அண்ணன் தம்பி என்று ஆனது. முதலில் கசாய், தேவைப்பட்டால் மாற்று.

இதில் ஜப்பானுக்கு ஒரு சோதனை. 1968-ல் சப்போரோவில் நடந்த இதய மாற்று ஆபரேஷன் பெரிய சர்ச்சையாகி, மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பை எடுப்பது என்றாலே அங்கே மக்கள் முகம் சுளித்தார்கள். அதற்கான சட்டம் வரவே 1997 ஆனது. 15 வயதுக்குக் குறைந்தவர்கள் தானம் கொடுக்க 2010 வரை வழியில்லை. கசாய் பிறந்த நாட்டிலேயே, கசாய் கைகொடுக்காத குழந்தைகளுக்கு அடுத்த கதவு பூட்டிக்கிடந்தது!

பூட்டைத் திறந்தவர்கள் பெற்றவர்கள். 1989 ஜூலையில் ஒரு ஜப்பானியத் தாய் தன் கைக்குழந்தையோடு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்குப் பறந்தார். சர்ஜன் ரஸ்ஸல் ஸ்ட்ராங், தாயின் கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி மகனுக்குப் பொருத்தினார். உயிரோடு இருப்பவரிடமிருந்து எடுத்த கல்லீரல் வெற்றிகரமாக வேலை செய்த முதல் ஆபரேஷன் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதே நவம்பரில் ஜப்பானின் ஷிமானேயில் ஒரு தந்தை தன் குழந்தைக்குக் கொடுத்தார். அந்தக் குழந்தை ஒன்பது மாதத்துக்கு மேல் போராடி இறந்தது. ஆனாலும் பாதை திறந்துவிட்டது. அடுத்த வருடமே கியோட்டோவில் இது தொடர்ந்து நடக்க ஆரம்பித்தது. வெட்டிக் கொடுத்தாலும் கல்லீரல் திரும்ப வளர்ந்துகொள்ளும் என்பது இயற்கை தந்த சலுகை.

நம் பக்கத்துக்கும் இந்தக் கதை வந்தது. 1998 நவம்பரில் டெல்லி அப்போலோ ஆஸ்பத்திரியில், இந்தியாவின் முதல் வெற்றிகரமான குழந்தைக் கல்லீரல் மாற்று ஆபரேஷன் நடந்தது. நோயாளி தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 மாதக் குழந்தை. நோய் இதேதான். கல்லீரலில் பங்கு கொடுத்தவர் அப்பா. அந்தப் பையன் வளர்ந்து என்ன படித்தான் தெரியுமா? டாக்டருக்கு!

*

கசாய் என்ன ஆனார்? 1963-ல் பேராசிரியர் ஆனார். பிரிட்டிஷ் குழந்தை சர்ஜன்களின் டெனிஸ் பிரவுன் தங்கப் பதக்கம் தேடி வந்தது. 1928-ல் முதல் வெற்றி கண்ட வில்லியம் லாடின் பெயரில் அமெரிக்கர்கள் கொடுக்கும் பதக்கமும் வந்தது. மலை ஏறுவதை மட்டும் அவர் விடவேயில்லை. 1986-ல் அறுபதைத் தாண்டிய வயதில், தோஹோகு பல்கலைக்கழகக் குழுவுக்குத் தலைமை தாங்கி திபெத்துக்குப் போனார். ஏழாயிரம் மீட்டருக்கும் அதிக உயரமான, அதுவரை யாரும் உச்சியைத் தொடாத நியென்சென் தாங்லா சிகரத்தில் அவருடைய குழு முதன்முதலாகக் கால் வைத்தது. கடைசி வருடங்களில் பக்கவாதத்தால் அவதிப்பட்ட கசாய், 2008 டிசம்பரில் காலமானார்.

அவர் விட்டுப்போன ஆபரேஷன் இருக்கிறது. ஆனால் அதன் கெடுவும் அப்படியே இருக்கிறது. 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். 90 நாளைத் தாண்டினால் பலன் மளமளவென்று சரிகிறது. அதனால் மருத்துவ உலகத்தின் கவனம் கத்தியிலிருந்து காலண்டருக்குத் திரும்பியது.

இதற்கு வந்த தீர்வு ஸ்கேனோ கம்ப்யூட்டரோ அல்ல. ஒரு அட்டை! குழந்தையின் மலம் எந்தெந்த நிறத்தில் இருக்கலாம், எது ஆபத்து என்று கலர் கலராக அச்சடித்த சாதாரண அட்டை. ஜப்பானில் 1990-களில் டோச்சிகி மாவட்டத்தில் தொடங்கிய யோசனை இது. தைவான் இதைப் பிடித்துக்கொண்டது. 2002-ல் சில இடங்களில் சோதித்துவிட்டு, 2004-ல் நாடு முழுக்க, ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுக்கும் சுகாதாரப் புத்தகத்திலேயே அட்டையைச் சேர்த்துவிட்டார்கள். அம்மா மலத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது. வெளுத்த நிறமாக இருந்தால் உடனே போன் செய்ய வேண்டியது. விளைவு? ஆபரேஷனுக்கு மூன்று மாதத்துக்குப் பிறகு மஞ்சள் இறங்கியிருந்த குழந்தைகள் முன்பு நூற்றுக்கு சுமார் 35. அட்டை வந்த பிறகு சுமார் 60. அதே நாடு, அதே ஆபரேஷன். குழந்தைகள் மட்டும் சீக்கிரம் வந்தார்கள்! 2012-ல் ஜப்பானும் தன் தாய்-சேய் கையேட்டில் நாடு முழுக்க இந்த அட்டையைச் சேர்த்தது.

நம் நாட்டில் குழந்தைகள் தாமதமாக வருகிறார்கள் என்பது இந்திய சர்ஜன்கள் திரும்பத் திரும்ப எழுதுகிற வருத்தம். தாமதத்துக்குக் காரணம் அலட்சியம் அல்ல, பெரும்பாலும் ஆறுதல்! ‘பிறந்த பிள்ளைன்னா மஞ்சள் இருக்கத்தான் செய்யும், காலை வெயில்ல காட்டு’, ‘கீழாநெல்லி அரைச்சுக் குடு’, ‘தாய்ப்பால் மஞ்சள், தானா போயிடும்’. சொல்கிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள். பத்தில் ஒன்பது தடவைக்கு மேல் அவர்கள் சொல்வது பலித்தும் விடுகிறது. பலிக்காத ஒரு குழந்தைக்கு அந்த ஆறுதலிலேயே எட்டு வாரம் போய்விடுகிறது.

எனவே இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். பிறந்து இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தால், வெயில் போதாது, டாக்டர் வேண்டும். ரத்தத்தில் மொத்த பிலிருபினோடு ‘டைரக்ட் பிலிருபின்’ எவ்வளவு என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன டெஸ்ட்தான். சாதாரண மஞ்சளா, பித்தநீர் தேங்கிய மஞ்சளா என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவது, மலம் வெளுத்துப் போயிருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே கிளம்புங்கள்.

1955-ல் கசாயிடம் வந்த அந்தக் குழந்தைக்கு 72 நாள். இன்றைய கணக்கில் பார்த்தால் கெடு தாண்டிப் பன்னிரண்டு நாள். அதன் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆனால் உலகத்தில் எந்த மூலையில் இந்த நோயோடு ஒரு குழந்தை பிழைத்தாலும், அந்தக் கதை செண்டாயில் அந்தக் குழந்தையின் துணியில் தெரிந்த மஞ்சளிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.